நான்கு நிமிடம் எதுவும் நடக்காத பாட்டு

இசைப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அவர்களுடைய 'ஸ்வெப்ன்-கி-எங்லர்' பாட்டை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையின் ஒரு மூலையை நிறைத்துவிட்டன. கேட்டு உருகியவர்கள், எரிச்சலானவர்கள், பாதியில் தூங்கிப்போனவர்கள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதம் முழுப் பக்கமும் அவர்களுக்கே.

*

கேள்வி: நீங்கள் சொன்ன பாட்டைக் கேட்டேன். பத்து நிமிடம் ஓடுகிறது. முதல் நான்கு நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. அப்புறமும் பெரிதாக எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் என் மகள் இதைக் கேட்டுக் கண் கலங்குகிறாள். எனக்கு எது பிடிபடவில்லை? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)

நானும் முதல் தடவை பாதியில் அணைத்தவன்தான் ஐயா.

பல வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். 2001இல் அந்தப் பாட்டு இருந்த இசைத்தட்டு என் கைக்கு வந்தபோது விளம்பரங்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தேன். 30 நொடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். முதல் மூன்று நொடியில் காதைப் பிடித்து இழுக்காவிட்டால் வேலை திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கம் ஏறிய காதோடுதான் இந்தப் பாட்டைப் போட்டேன். நீர்மூழ்கிக் கப்பலில் கேட்கிற 'டிங்' மாதிரி ஓர் ஒலி. அதற்கு அடியில் ஆர்கன். மறுபடி 'டிங்'. வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பத்து நிமிடத்தையும் அரை நிமிடத்தில் கடந்தேன். ஒன்றுமில்லை என்று முடிவு கட்டி உறைக்குள் போட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து ஓர் இரவு. முடித்த வேலையை இயந்திரம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டுக்கும் போக முடியாது, வேறு வேலையும் இல்லை. கூடத்தின் பெரிய ஒலிபெருக்கியில் அதே தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று காதில் விழுந்தது.

மெட்டு அதிகம் நகரவில்லை. ஒலியின் கனம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. கதவிடுக்கு வழியாக வருகிற வெளிச்சம் மாதிரி ஒரு கிதார் ஒலி மெல்ல உள்ளே வந்தது. எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை. கவனித்தபோது ஏற்கெனவே அது அறையில் இருந்தது. அப்புறம் குழுவின் பாடகரும் கிதார் வாசிப்பவருமான யோன்சியின் குரல், ஆணா பெண்ணா குழந்தையா என்று தெரியாத உயரத்தில். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் அகலமாகியிருந்தது. பிரதி எடுத்து முடிந்து இயந்திரம் ஒலியெழுப்பியபோது நான் எழுந்து போகவில்லை.

பல்லவி எப்போது வரும், சரணம் எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய காது நமக்கு. இந்த இசையில் அப்படிக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதனால் அடுத்த தடவை ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஓர் ஒலியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 'டிங்' ஆக இருக்கலாம், அடியில் ஓடும் பேஸ் கிதாராக இருக்கலாம். கடைசிவரை அதன் கூடவே போங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி எப்படி வந்து சேர்கிறது என்பது தானாகத் தெரியும்.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1999இல் வந்த அதே ஆல்பத்தில், இதற்கு அடுத்த பாட்டு 'ஸ்டாரவுல்ஃபுர்'. அதில் வரும் வயலின் வகை வாத்தியங்களின் பகுதியைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தாலும் அப்படியே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நம் செய்யுளில் மாலைமாற்று இருக்கிறதே, அதுதான், இசையில். மகளோடு உட்கார்ந்து அந்தப் பகுதியைக் கண்டுபிடியுங்கள்.

*

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். இவர்களுடைய பாடல் வரிகளுக்குப் பொருள் தேடினேன். சில பாட்டுகளில் பொருளே கிடையாதாம், எந்த மொழியும் இல்லையாம். பொருளில்லாத ஒலிகளைப் பாடிக்கொண்டு உலகத்தைச் சுற்றுவது கேட்கிறவர்களை ஏமாற்றுவது ஆகாதா?

இதில் இரண்டு விஷயம் கலந்துவிட்டது. பிரித்துச் சொல்கிறேன்.

சிகுர் ரோஸின் பெரும்பாலான பாட்டுகள் ஐஸ்லாந்து மொழியில் இருப்பவை, பொருளுள்ளவை. 1999 ஆல்பத்தின் பெயர் 'அவ்கைட்டிஸ் பிர்யுன்'. நல்ல தொடக்கம் என்று அர்த்தம். 2005இல் வந்த 'தக்' என்றால் நன்றி. அதில் உள்ள 'ஹொப்பிபொல்லா' மழைக்குட்டைகளில் குதிப்பதைப் பற்றிய பாட்டு. மூக்கில் ரத்தம் வருகிறது, ஆனாலும் எழுந்துவிடுகிறேன் என்று ஒரு குழந்தையின் குரல் அதில் வரும். உங்கள் தொழிலுக்கு ஒரு விருந்தும் வைத்திருக்கிறார்கள். 'ஸ்வெப்ன்-கி-எங்லர்' என்ற தலைப்பில் நடுவில் தனியாக நிற்கிற அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துப் படித்தால் தூக்கத்தில் நடப்பவர்கள். எடுத்துவிட்டுப் படித்தால் தூக்கத்தின் தேவதைகள். இதை ஒரே தலைப்பாகத் தமிழில் கொண்டுவர நான் பலமுறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. உங்களுக்கு முடிந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

நீங்கள் கேட்பது 2002 ஆல்பத்தைப் பற்றி. அதற்குப் பெயர் கிடையாது. அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் வெற்றிடம். எட்டுப் பாட்டுகளுக்கும் முறையான தலைப்பு இல்லை. கூட வந்த சிறு புத்தகத்தில் வெறும் பக்கங்கள். கேட்பவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்வதற்காக. பாடும் ஒலிகளுக்கு 'வொன்லென்ஸ்கா' என்று பெயர். 'வொன்' என்றால் நம்பிக்கை. 1997இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரும் அதுதான், இந்த வகை ஒலிகளை முதலில் பாடிய பாட்டின் பெயரும் அதுதான். அதற்கு இலக்கணம் இல்லை, அகராதி இல்லை. அது ஒரு மொழி என்று அவர்களும் சொல்லவில்லை.

நம் இசையமைப்பாளர்கள் மெட்டைக் கவிஞரிடம் எப்படிக் கொடுப்பார்கள்? 'தன்னானே தானன்னே' என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார்கள். அப்புறம் கவிஞர் அதில் சொற்களை நிரப்புவார். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: சில மெட்டுகள் தத்தகாரத்தில் இருந்தபோது இருந்த உயிர், வரி வந்த பிறகு குறைந்ததை நேரிலேயே கேட்டிருக்கிறேன். யோன்சி தத்தகாரத்திலேயே நின்றுவிடுகிறார். இதுவே போதும், இதற்கு மேல் சொல் வேண்டாம் என்று நிற்கத் துணிவு வேண்டும். மணிக்கணக்கில் ஆலாபனை கேட்கிற நாம் 'த த ரி ந' என்பதற்கு என்ன அர்த்தம் என்று பாடகரைக் கேட்பதில்லையே. அதே உரிமையை இவருக்கும் கொடுக்கலாம்.

*

கேள்வி: பனிமலை, எரிமலை, வானத்தில் துருவ ஒளியின் பச்சை வெளிச்சம். இப்படி ஒரு நாட்டில் பிறந்தால் இப்படித்தானே இசை வரும்? அந்த இசைக்கான முழு விளக்கமும் அந்த நிலத்தில்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வி பல கடிதங்களில் வந்திருக்கிறது. நானும் ரொம்ப காலம் இப்படித்தான் நம்பினேன். நம்பிக்கொண்டே 2014 நவம்பரில் ஒன்பது நாள் ஐஸ்லாந்து போய்விட்டும் வந்தேன்.

முதல் மூன்று நாள் தலைநகர் ரெய்க்யாவிக்கில். பனிமலை எதுவும் கண்ணில் படவில்லை. காலை பத்தரைக்குத்தான் சூரியன் வந்தது, நான்கு மணிக்குப் போய்விட்டது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்து முகத்தில் அடித்தது. வானம் முழுக்க மேகம், பச்சை வெளிச்சத்துக்கு வழியே இல்லை. நான் பார்த்தது மனிதர்களைத்தான். பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீரை நிரப்பிய திறந்தவெளிக் குளங்களில், அந்தக் குளிரிலும் காற்றிலும், தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாலை தேவாலயம் ஒன்றைக் கடந்து போனபோது, மூடிய கதவுக்குப் பின்னால் சேர்ந்திசைக் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மழையில் நின்று கேட்டேன். பனிமலையைத் தேடி வந்த எனக்கு அந்தக் கதவருகில்தான் சிகுர் ரோஸ் முதலில் கேட்டது.

நான்காம் நாள் பேருந்து ஏறி மோஸ்ஃபெல்ஸ்பைர் போனேன், தலைநகரை ஒட்டிய சிற்றூர். அங்கே அவ்லாஃபோஸ் என்ற இடத்தில் ஒரு பழைய கம்பளி ஆலை இருந்தது. பக்கத்தில் வர்மவ் என்ற ஓடை. வெதுவெதுப்பான ஆறு என்று அந்தப் பெயருக்குப் பொருள். அங்கே 1930களில் கட்டிய ஒரு நீச்சல் குளக் கட்டடத்தை சிகுர் ரோஸ் வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். பெயரும் 'சுந்த்லாய்கின்' தான், அதாவது நீச்சல் குளம். அடைப்புக்குறி ஆல்பம் உருவான இடம் அது. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை, வெளியே நின்று பார்த்தேன். ஒலிக்காரன் கண்ணுக்கு வெளியிலிருந்தே பாதி புரிந்துவிடும். நீந்துவதற்காகக் கட்டிய உயரமான, கெட்டிச் சுவர் வைத்த கூடம் அது. அப்படிப்பட்ட அறையில் ஓர் ஒலியை எழுப்பினால் அது அடங்க நேரம் எடுக்கும். அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்ததை எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். அவர்களுடைய பொறுமையில் ஒரு பங்கு அந்தச் சுவர்கள் கற்றுக்கொடுத்ததாக இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இன்னும் பின்னால் போனால் குரல் இருக்கிறது. அந்த நாட்டில் பல நூற்றாண்டு காலம் வீடுகளில் வாத்தியங்கள் மிக அபூர்வம். குளிர்கால இரவுகளில் பண்ணை வீட்டின் ஒரே அறையில் எல்லோரும் கூடிக் கம்பளி நூற்பார்கள். ஒருவர் மட்டும் 'ரிமூர்' என்ற நீண்ட கதைப்பாட்டை ஓதிக்கொண்டிருப்பார். கதை முடியப் பல இரவுகள் ஆகலாம். 'ட்வீசோங்குர்' என்று இன்னொரு வழக்கம்: இரண்டு குரல்கள், நம் கணக்கில் ச-ப இடைவெளியில், ஒன்றாகவே நகர்ந்து பாடுவது. சிகுர் ரோஸுக்கு இந்த மரபு தெரியும். ரிமூர் பாடகர் ஸ்டெய்ன்டோர் ஆன்டெர்சென், இசையமைப்பாளர் ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன் ஆகியோரோடு சேர்ந்து, ஓடின் கடவுளின் காக்கைகளைப் பற்றிய ஒரு பழங்கவிதையை 2002இல் மேடையேற்றினார்கள். அதில் கற்பலகைகளைத் தட்டி வாசிக்கும் ஒரு வாத்தியம் வரும். சிற்பி பவுல் குத்முண்ட்சன் கல்லிலேயே செய்தது. அந்தப் பதிவு ஆல்பமாக வர 2020 ஆகிவிட்டது. மெதுவாகக் கட்டும் இசை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இப்போது முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

நிலம்தான் காரணம் என்றால் இன்னொன்றையும் விளக்க வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் மொக்வாய், கனடாவின் மாண்ட்ரியலில் காட்ஸ்பீட், வெயில் கொளுத்தும் டெக்சாஸில் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை. இந்தக் குழுக்காரர்களும் இதே போல மெதுவாக ஏறி உச்சியில் வெடிக்கிற இசையைத்தான் செய்கிறார்கள். இந்த வகை இசையைக் குறிக்கும் 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லைப் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் 1994இல் பரப்பியபோது அவர் மனத்தில் இருந்ததும் ஐஸ்லாந்து இல்லை. சிகுர் ரோஸ் அந்த வருடம்தான் தொடங்கியது. பனிமலை நம் தலைக்குள் வந்ததற்குக் காரணம், அந்தப் பாட்டுகளைப் பனிமலைப் படங்களோடு நமக்குக் காட்டியதுதான். 2006இல் பிபிசி தன் இயற்கைத் தொடருக்கான முன்னோட்டத்தில் 'ஹொப்பிபொல்லா'வைப் போட்ட பிறகு, மழைக்குட்டையில் குதிக்கும் குழந்தையின் பாட்டு உலகத்துக்கே மலைச்சிகரத்தின் பாட்டாகிவிட்டது.

ஆனாலும் நிலத்தை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆறாம் நாள் மேற்கே ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்துக்கு ஒரு வண்டியில் போனோம். பாசி மூடிய எரிமலைக் கல்வெளி. நெடுநேரம் ஜன்னலில் எதுவுமே மாறவில்லை. முன்னால் இருந்த ஒரு மலை எப்போது பக்கத்துக்கு வந்தது, எப்போது பின்னால் போனது என்று தெரியாமலே போய்விட்டது. அந்தக் கிதார் எப்போது உள்ளே வந்தது என்று தெரியாமல் போனது போலவே. அவர்கள் மலையைப் பார்த்து இசை செய்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட சாலையில் பயணம் செய்து வளர்ந்த ஒருவருக்கு, நான்கு நிமிடம் எதுவும் நடக்காமல் இருப்பது பயமாக இருக்காது. அவ்வளவு மட்டும் சொல்லலாம்.

2006 கோடையில் அவர்கள் தங்கள் நாட்டுச் சிற்றூர்களில் இலவசமாக நடத்திய கச்சேரிகளின் ஆவணப்படம் 'ஹெய்மா' 2007இல் வந்தது. அதைப் பாருங்கள். ஊர்ப் பொதுக்கூடங்களில் தாத்தா பாட்டிகளும் கைக்குழந்தைகளும் உட்கார்ந்து கேட்கும் முகங்கள்தான் அதில் எனக்குப் பெரிது. 1954இல் மூடிய ஹெர்ரிங் மீன் ஆலை ஒன்று ட்யூபாவிக்கில் பாழடைந்து கிடக்கிறது. அங்கும் போய் வாசிக்கிறார்கள். கிழக்கு மேட்டுநிலத்தில் கௌராஹ்ன்யூகர் அணைக்காக ஒரு பெரும் பரப்பு மூழ்கப்போகிறது என்று போராடியவர்களுக்காக, மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல் காற்றில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, அவர்களுடைய நிலத்தை வெறும் அழகான பின்னணி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

*

கேள்வி: மருத்துவம் படிக்கிறேன். படிக்கும்போது பின்னணியில் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம் தங்கையே. அடைப்புக்குறி ஆல்பத்தை மட்டும் வேண்டாம். அதன் எட்டாவது பாட்டின் கடைசி நிமிடங்களில் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். உங்களுக்கு ஏற்றது வேறொன்று. 2016 ஜூனில், வருடத்தின் மிக நீண்ட பகலின்போது, ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடும் 1332 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஒரு வண்டியை 24 மணி நேரம் ஓட்டி, அதை நேரடியாக ஒளிபரப்பினார்கள். அவர்களுடைய ஒரு பாட்டின் துண்டுகளை மென்பொருள் ஓயாமல் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே இருக்கும். சாலை, மேகம், இசை, அவ்வளவுதான். அதைத் தேடிப் போட்டுவிட்டுப் படியுங்கள்.

*

கேள்வி: மூன்று வருடமாகக் கிதார் வாசிக்கிறேன். யோன்சியின் கிதார் மட்டும் ஏன் கிதார் மாதிரியே கேட்பதில்லை? என்ன கருவி மாட்டியிருக்கிறார்?

கருவிக்கு முன்னால் அவர் கையில் இருப்பதைப் பாருங்கள். அது செலோ வாசிக்கும் வில். லெட் செப்பெலின் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் அவருக்கு வெகு முன்பே வயலின் வில்லைக் கிதாரில் வைத்தவர். ஆனால் அது கச்சேரியின் நடுவில் வந்து போகும் ஒரு பகுதி. யோன்சிக்கு அதுதான் வாசிப்பே.

நரம்பை விரலாலோ, பிளெக்ட்ரம் என்ற மீட்டும் தகட்டாலோ மீட்டினால் ஒலி பிறந்த கணத்திலேயே உச்சத்தில் இருக்கும், அப்புறம் தேய்ந்துகொண்டே போகும். கிதாரின் எந்தச் சுரமும் பிறந்ததிலிருந்து சாவை நோக்கித்தான் போகிறது. வில்லில் அப்படி இல்லை. ரோசின் என்ற பிசின் தடவிய குதிரைமுடி நரம்பைப் பற்றி இழுக்கும், நழுவ விடும், மறுபடி பற்றும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. இழுக்கும்வரை ஒலி சாகாது. ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வளர்க்கலாம். மெதுவாக வளரும் இந்த இசை முழுக்கவும் அந்தப் பற்றலிலும் நழுவலிலும்தான் ஆரம்பிக்கிறது.

வயலின், செலோ வாத்தியங்களில் நரம்புகளைத் தாங்கும் 'குதிரை' வளைவாக இருக்கும். வில் ஒவ்வொரு நரம்பையும் தனியாகத் தொடலாம். கிதாரின் குதிரை கிட்டத்தட்ட தட்டை. வில்லை வைத்தால் பக்கத்து நரம்புகளும் சேர்ந்து முனகும். அந்த முனகலை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறைய ரிவெர்ப் (எதிரொலிப்பு) சேர்த்து, கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) சேர்த்து அதையே ஒரு பெரிய மேகமாக்கிவிட்டார். மேடையில் சில சமயம் கிதாரைத் தூக்கி நரம்பின் அதிர்வை மின்னலையாக்கும் அதன் பிக்கப்பில் வாயை வைத்துப் பாடுவார். குரலும் அதே மேகத்துக்குள் போய்விடும்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் விலை குறைந்த வில்லாக வாங்குங்கள். உலோக நரம்பில் முடி சீக்கிரம் அறுந்துபோகும். அவருடைய வில்லிலிருந்தே கச்சேரியின் முடிவில் முடி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ரோசினைத் தாராளமாகத் தடவுங்கள். ஓரத்தில் இருக்கும் தடித்த நரம்பில் தொடங்குங்கள், அங்கே வில்லுக்கு இடம் கிடைக்கும். முதல் வாரம் கீச்சுக் கீச்சென்றுதான் வரும். வாசித்து முடித்ததும் பிக்கப்பில் விழுந்த ரோசின் தூளைத் துடைத்துவிடுங்கள்.

*

கேள்வி: சிகுர் ரோஸ் எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். அங்கே வேறு யாரும் இல்லையா?

அந்த நாட்டின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைக்கூடத் தொடாது. அதை வைத்துப் பார்த்தால் இருக்கிறவர்களின் எண்ணிக்கை வியப்பாக இருக்கும்.

முதலில் சோல்ஸ்டாவிர். 1995இல் மெட்டல் குழுவாகத் தொடங்கியவர்கள், மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய 'ஓட்டா' ஆல்பம் 2014இல் வந்தது. கடிகாரம் வருவதற்கு முன் ஐஸ்லாந்தில் ஒரு நாளை எட்டுப் பொழுதுகளாகப் பிரித்திருந்தார்கள். எட்டுப் பாட்டுகளும் அந்த எட்டுப் பொழுதுகள். நள்ளிரவில் தொடங்கி ஒரு முழு நாள் சுற்றி வருகிறது. 'ஓட்டா' என்பது விடிவதற்கு முந்தைய பொழுது. நமக்கு வைகறை என்று சொல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே நேரம். அந்தத் தலைப்புப் பாட்டில் ஒரு பான்ஜோ வரும், காத்திருங்கள்.

பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் வேண்டும் என்றால் ஃபார் எ மைனர் ரிஃப்ளெக்ஷன். 2008இல் சிகுர் ரோஸின் பயணத்தில் முன்கச்சேரி வாசித்த இளைஞர்கள். மென்மையாக, பொம்மைக் கருவிகளும் கணினியும் கலந்த மாதிரி வேண்டும் என்றால் மூம். சிகுர் ரோஸோடு நெடுங்காலம் வாசித்த பெண்களின் தந்தி வாத்தியக் குழு அமீனா. ரம்பத்தை வில்லால் இழுத்து அழ வைப்பார்கள். ஓலவுர் அர்னால்ட்ஸ் மோஸ்ஃபெல்ஸ்பைர்க்காரர், ஹார்ட்கோர் என்ற ஆவேசமான ராக் இசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். பியானோவுக்கு வந்த பிறகு, 2016இல் ஏழு வாரம், ஏழு ஊர் என்று சுற்றி ஓர் ஆல்பம் செய்தார்.

யோஹன் யோஹன்சனை போஸ்ட்-ராக் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் அவரை விட்டுவிட மாட்டேன். அவருடைய அப்பா ஐஸ்லாந்தில் ஐபிஎம் 1401 என்ற பழைய கணினியைப் பராமரித்த பொறியாளர். அந்தக் கணினி வேலை செய்யும்போது அதிலிருந்து கிளம்பும் மின்காந்த அலைகள் பக்கத்தில் வைத்த வானொலியில் ஒலியாகக் கேட்கும் என்று கண்டு, அதில் மெட்டுகள் அமைத்து நாடாவில் பதிந்து வைத்திருந்தார். பல வருடம் கழித்து மகன் அந்த நாடாவை எடுத்து, அதைச் சுற்றி ஒரு முழு வாத்தியக் குழுவை வாசிக்க வைத்து 2006இல் ஆல்பமாக்கினார். கணினியின் முனகலுக்கு மேல் வயலின்கள் எழும் இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்திவிடுகிறேன். 2018இல் அவர் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்றும் அதைத்தான் கேட்டேன்.

*

கேள்வி: அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. பழைய பாட்டு எதையும் கேட்க முடியவில்லை, ஒவ்வொன்றிலும் அம்மா இருக்கிறார். தற்செயலாகக் கேட்ட இந்த இசையை மட்டும் இரவில் கேட்கிறேன். சோகமான இசை கேட்டால் இன்னும் மோசமாகும், நிறுத்து என்று தோழிகள் சொல்கிறார்கள். நிறுத்த வேண்டுமா? (இரவுப் பணி செய்யும் செவிலியர்)

வேண்டாம் அம்மா, நிறுத்தாதீர்கள்.

என் அப்பா தவறிய வருடம் எனக்கும் இதே நிலைமை. தெரிந்த பாட்டு எது வந்தாலும் ஒரு வரி எங்கேயாவது குத்தும். சொல் இருக்கிற பாட்டு எதை நினைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. அன்றைக்கு எனக்கு யாரும் எதையும் சொல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. அடைப்புக்குறி ஆல்பத்தை வாரக்கணக்கில் கேட்டேன். அது என்னைத் தேற்றவும் இல்லை, அழ வைக்கவும் முயலவில்லை; 70 நிமிடத்துக்கு மேல் கூடவே இருந்தது, அவ்வளவுதான். அதன் பாட்டுகள் மெதுவாக இருப்பதால் அடுத்த கணத்துக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லாமல் இருந்தது. துக்கத்தில் உடம்பும் அந்த வேகத்தில்தானே நடக்கிறது.

தோழிகள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் கோபப்பட வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போய் வேலைக்குப் போவதே கஷ்டமாக இருந்தால், அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இசையைக் கேட்பது அதற்குத் தடை இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆல்பத்தின் முதல் நான்கு பாட்டு ஓரளவு வெளிச்சமானவை, அடுத்த நான்கும் இருட்டானவை. இரண்டு பாதிக்கும் நடுவில் 36 நொடி ஒன்றுமே இல்லாத அமைதி வைத்திருக்கிறார்கள். கைபேசியில் கேட்கும்போது அது கோளாறு என்று நினைத்து அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். சில இரவுகளில் அந்த அமைதியோடு நிறுத்திவிட்டு நான் தூங்கப் போயிருக்கிறேன். மற்ற இரவுகளில் அது முடியும்வரை உட்கார்ந்திருந்து ஐந்தாவது பாட்டுக்குள் போயிருக்கிறேன். அந்தச் சிறு புத்தகத்தின் வெறும் பக்கம் ஒன்றில் அப்பாவின் கையெழுத்தைப் போலவே எழுதிப் பார்த்தது இன்னும் இருக்கிறது. உங்களிடம் தட்டு இல்லையென்றால் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பணி இல்லாத ஓர் இரவில் ஆல்பத்தைப் போட்டுவிட்டு, அம்மாவைப் பற்றி வருவதை எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பத் தோன்றினால், படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.